தானத்தில் நடக்கும் பள்ளிக்கூடம்

2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ என்னும் நன்கொடைத் திட்டத்தைப் புகழ்வோர், காமராஜர் காலத்துப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தவறாமல் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அம்மாநாடுகளில் ஊரார் தம் பள்ளிக்கு வேண்டியதை வாரி வழங்கியது உண்மை; படித்த பள்ளியைப் பழைய மாணவன் மறவாதிருப்பதும் சிலாக்கியமே. அதற்குமேல் இத்திட்டத்துக்காகப் பரிந்து பேச எனக்கு நா எழவில்லை.

2025-26 வரவு செலவுத் திட்டத்தில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய் என்று கேட்டவுடன் பிரமித்துப் போகிறோம். அத்தொகையின் பெரும்பகுதி ஊதியமாகச் சென்றுவிட, முப்பது பிள்ளைகள் வரை படிக்கும் ஒரு பள்ளியின் கைக்கு ‘சமக்ர சிக்ஷா’ என்னும் பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி ஆண்டு முழுமைக்கும் வந்து சேரும் மானியம் 10,000 ரூபாய் என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. சாக்பீஸ், பதிவேடு, துடைப்பம், பினாயில், கழிப்பறையில் ஒடிந்துபோன குழாய் என்று ஒவ்வொன்றாய் அதில் கரைந்தபின், மிச்சத்துக்குத் தலைமையாசிரியை கைக்காசு போட வேண்டும், அல்லது ஊர்ப் பெரியமனிதர் வாசலில் நிற்க வேண்டும். இந்த நிற்றலுக்குத்தான் இப்போது ஒரு திட்டமும் இணையதளமும் கிடைத்திருக்கின்றன.

கொடுப்பவர் எதைக் கொடுக்கிறார்? திறப்பு விழா நடத்தத்தக்கதைக் கொடுக்கிறார். பீரோவின் நெற்றியிலே ‘உபயம்’ என்று எழுதலாம், துப்புரவுப் பணியாளரின் மாதச் சம்பளத்தில் எங்கே எழுதுவது? எங்கே கொடுக்கிறார் என்பது இதனினும் விபரீதம். லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடுமாறு பெரிய நிறுவனங்களைப் பணிக்கும் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவே, தாம் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தருமாறும் கூறுகிறது. ஆகவே ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலை நிழலில் இருக்கும் பள்ளிக்குப் புரவலர் தேடி வருவார். ஆலையுமில்லாமல், செல்வந்தரான பழைய மாணவருமில்லாமல் ஜவ்வாது மலையில் இருக்கும் பள்ளிக்கு யார் வருவார்? வறிய ஊரிலிருந்தும் வளமான ஊரிலிருந்தும் வரியைத் திரட்டித் தேவைக்கேற்பப் பங்கிடுவதற்கென்றே ஏற்பட்ட சர்க்கார், அந்தப் பங்கீட்டைப் புரவலரின் பிரியத்துக்கு விட்டுவிடுவதை நிர்வாகத் திறமை என்று கொண்டாட என்னால் ஆகவில்லை.

கஜானாவில் பணமில்லை என்பார்கள். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்காததற்காக மத்திய அரசு 2024-25-இல் 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது அநீதி, மறுக்கவில்லை. ஆனால், அந்தப் பணத்தில் நடந்துவந்த பள்ளித் திட்டங்களைச் சொந்த நிதியிலிருந்தே தொடர்ந்து நடத்துவதாக இதே மாநில அரசு நிதிநிலை அறிக்கையில் பெருமிதத்துடன் அறிவித்ததே! டில்லியோடு மல்லுக்கட்டும்போது திறக்கிற கஜானா, குழாய்க்கும் துடைப்பத்துக்கும் மட்டும் ஏன் பூட்டிக்கொள்கிறது?

காமராஜரைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அவர் கதையைப் பாதியிலே நிறுத்துகிறார்கள். 1956-இல் ஊராரின் உதவியால் தொடங்கிய மதிய உணவு, பின்னர் அரசு மானியம் பெற்று, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமாகி அரசின் நித்தியச் செலவாயிற்று. அதற்குப்பின் எந்தச் சமையற்கூடமும் நாளைய அரிசிக்குப் புரவலரைத் தேடி அலையவில்லை.