வாக்கியம் முடியும் வரை

நம் கதைகளில் பாரிசவாயு பெரும்பாலும் ஆசிரியனின் சௌகரியத்துக்காகவே வருகிறது. கொடுமைக்கார மாமியாருக்குத் தண்டனை வேண்டும். அல்லது ரகசியம் தெரிந்த கிழவரின் வாயை அடைக்க வேண்டும். கை கால் விழுந்துவிட்டது என்று ஒரு வரி எழுதிக் கட்டிலில் கிடத்திவிட்டால் கதை மேலே ஓடும். நானும் இந்தக் குற்றத்தைச் செய்தவன்தான். அப்படிக் கிடப்பவருக்கும் விடிந்தால் ஒரு நாள் இருக்கிறது என்று நான் யோசித்ததில்லை.

யோசித்தவர்கள் இரண்டு பிரெஞ்சு நாவலாசிரியர்கள். அலெக்ஸாந்தர் தூமாவின் 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' 1844-ல் தொடர்கதையாக வரத் தொடங்கியது. அதில் வரும் கிழவர் நுவார்த்தியேவுக்குக் கண்களில் மட்டுமே ஜீவன். மூடினால் 'ஆம்', பல தடவை சிமிட்டினால் 'இல்லை'. பேத்தி வாலந்தீன் எழுத்துக்களை வரிசையாகச் சொல்லி, அகராதியை விரித்து விரலை ஓட்டி, அவருக்கு வேண்டிய சொல்லைக் கண்டுபிடிக்கிறாள். அவர் உயில்கூட எழுதிவைக்கிறார். வீட்டில் அவர் சொல் செல்லுகிறது.

எமில் ஸோலாவின் 'தெரேஸ் ராக்கேன்' 1867-ல் வந்தது. அதில் வரும் ராக்கேன் அம்மாளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தன் மகனைக் கொன்றது மருமகளும் அவளுடைய இரண்டாம் கணவனும்தான் என்று தெரிந்தும் பேச முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வியாழக்கிழமை இரவு, டொமினோ ஆட வந்த நண்பர்கள் முன்னிலையில், மேஜைமேல் விரலால் எழுதத் தொடங்குகிறாள். இருவர் பெயரையும் எழுதியாயிற்று. மேலே போவதற்குள் கை ஓய்ந்துவிடுகிறது. விருந்தாளி ஒருவர் மிச்சத்தைத் தாமே பூர்த்தி செய்கிறார்: இருவரும் தன்னை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள் என்கிறாளாம்!

இரண்டில் ஸோலாவையே நான் உயர்த்திச் சொல்வேன். தூமாவுக்கு உயில் விவகாரம் முக்கியம். ஸோலாவுக்கோ மேஜையைச் சுற்றியிருந்த நல்ல மனிதர்களின் அவசரம் முக்கியம். பேச்சு போனால் புத்தியும் போயிற்று என்று எண்ணுகிறவர்கள் அவர்கள். நம் வீடுகளுக்கு வருகிறவர்களும் அவர்களே.

கதைதானே என்று தள்ளிவிட முடியாது. பாரிஸ் பத்திரிகாசிரியர் ழான் தொமினிக் போபி 1995 டிசம்பரில், 43-ஆம் வயதில், இதே கதிக்கு ஆளானார். பெர்க் கடற்கரை மருத்துவமனையில் படுத்தபடி, இடது கண்ணைச் சிமிட்டி எழுத்தெழுத்தாகச் சொல்லியே ஒரு புத்தகம் எழுதி முடித்தார். 'நீர்மூழ்கிக் கூண்டும் வண்ணத்துப்பூச்சியும்' என்று பொருள்படும் அந்தப் புத்தகம் 1997 மார்ச்சில் வெளிவந்தது. சில நாட்களில் அவர் காலமானார். தூமாவின் கிழவரை அவரே அதில் நினைவுகூர்கிறார். பிரெஞ்சில் மூக்குக்கண்ணாடிக்கு 'லுனெத்', சந்திரனுக்கு 'லுன்'. கண்ணாடி கேட்கப் பாதிச் சொல்லை அவர் சொன்னதும், சந்திரனை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார்களாம். வேடிக்கையாகத்தான் சொல்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் சித்தப்பா மூன்று வருஷம் படுக்கையில் இருந்தார். "கா..." என்று தொடங்குவார். "காப்பிதானே?" என்று தம்ளரை நீட்டிவிடுவோம். அவரும் குடித்துவிடுவார்.

காப்பியைத்தான் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.