சாயும் குழல்
1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட ஜான் பிரௌனிங்கின் கைத்துப்பாக்கியில் நான் வியப்பது, குழலுக்கு அடியில் இருக்கும் சின்ன இணைப்புத் துண்டைத்தான். சுட்டதும் குழலும் அதன் மேல் சறுக்கும் ஸ்லைடும் பூட்டியபடியே சற்றுப் பின்னால் நகர்கின்றன. குண்டு வெளியேறி அழுத்தம் தணிந்ததும், அந்தத் துண்டு குழலின் பின்முனையைக் கீழே இழுத்துப் பூட்டை விடுவிக்கிறது. ஸ்லைடு மட்டும் தொடர்ந்து போய் வெற்றுக்கூட்டை வெளியே தள்ளுகிறது. ஸ்பிரிங் அதைத் திருப்பி அனுப்ப, அடுத்த தோட்டா ஏறுகிறது.

குழல் தடையின்றி அசைந்தால்தான் இத்தனையும் நடக்கும். நுனியில் ஒலியடக்கியின் எடை ஏறினால் இந்த ஓட்டம் பாதியில் திக்கும். அதனால்தான் பல ஒலியடக்கிகளுக்குள் ஒரு ஸ்பிரிங் வைத்து, அந்த முதல் அசைவின்போது குழலுக்குப் பாரம் தெரியாமல் செய்கிறார்கள். நூறாண்டு கடந்தும் எத்தனையோ கைத்துப்பாக்கிகள் இந்தச் சாய்வை நம்பியே இயங்குகின்றன. நல்ல பொறியியலுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.