ஒப்பும் வேறுபாடும்: ‘டூ ஸ்டேட்ஸ்’ நாவலில் காதலச்சம்
(அகமரபு நோக்கில் ஒரு திறனாய்வு)

முன்னுரை

இயல்பாலும் வளர்ப்பாலும் மாறுபட்ட இருவர் ஒருவரையொருவர் விரும்புதல் இக்கால வெகுசனக் காதல் நாவல்களில் பெரிதும் பயிலும் கதைப்பொருளாகும். இவ்வகை நாவல்களில் வேறுபாடே ஈர்ப்பைத் தோற்றுவிக்கிறது; ‘இவருக்கு நான் தகுதியுடையவன்தானா’ என்னும் அச்சத்தையும் பின்னர் அதுவே தோற்றுவிக்கிறது. சேத்தன் பகத் ஆங்கிலத்தில் எழுதி 2009இல் வெளிவந்த ‘டூ ஸ்டேட்ஸ்’ இதற்குத் தக்க சான்றாகும். தில்லியைச் சேர்ந்த பஞ்சாபி இளைஞன் கிரிஷ், சென்னைத் தமிழ்ப்பெண் அனன்யா ஆகிய இருவரின் காதலையும் திருமணத்தையும் கூறும் இந்நாவல், 2014இல் அபிஷேக் வர்மன் இயக்கத்தில் இந்தித் திரைப்படமாகவும் வந்தது. நாடெங்கும் வாசிக்கப்பட்ட இந்நூலில் காதலச்சம் எங்கிருந்து பிறக்கிறது, எவ்வாறு தீர்கிறது என்பதை அகமரபின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆசிரியர் அகமரபைத் தழுவி எழுதினார் என்பது இங்குக் கருத்தன்று. காதலையும் அச்சத்தையும் இணைத்து நோக்கிய நெடிய மரபொன்று தமிழில் இருத்தலின், அதனை அளவுகோலாகக் கொள்வது பொருத்தமுடையது.

ஒப்புடையோர் இருவர்

தொல்காப்பியக் களவியல் தலைவனையும் தலைவியையும் ஒத்தவர்களாகக் காண்கிறது. தலைவன் மிக்கவனாயினும் விலக்கில்லை என்கிறது. மெய்ப்பாட்டியல் இருவர்க்கும் அமைய வேண்டிய ஒப்புக்களைப் பத்தாக வகுக்கிறது. இவ்வளவையால் நோக்கின், கிரிஷும் அனன்யாவும் பெரிதும் ஒத்தவர்களே எனலாம். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் இருவரும் உடன்பயில்கின்றனர். உணவுக்கூடத்தில் சாம்பாரைப் பற்றி அவள் குறைகூறும் நிகழ்ச்சியில் அறிமுகம் தொடங்குகிறது. சேர்ந்து படித்தலில் நட்பு வளர்கிறது. ஆண்டு, கல்வி, வாழ்க்கை நோக்கு, பேசும் ஆங்கிலம் ஆகியவற்றில் இருவர்க்குமிடையே இடைவெளி மிகக் குறைவு.

வேறுபாடு இல்லங்களுக்கிடையே உள்ளது. அவன் இல்லத்தின் ஆரவாரமும் இவள் இல்லத்தின் அமைதியும், உணவும் மொழியும் நிறமும் மோதுகின்றன. ஆகவே, ‘எதிரெதிர் இயல்பினரின் காதல்’ என்று தோன்றும் இக்கதை, உண்மையில் ஒத்த இருவர் எதிரெதிர்க் குடும்பங்களுக்கிடையே அகப்பட்ட கதையாகும்.

இங்குக் குறுந்தொகை 40ஆம் பாடல் நினைக்கத்தக்கது. செம்புலப்பெயனீரார் பாடிய அப்பாடலில் தாயரும் தந்தையரும் தம்முள் உறவற்றவர்கள் என்பது காதலின் வியப்பைப் பெருக்குகிறது. தலைவன் பிரிந்துவிடுவானோ என அஞ்சிய தலைவியின் குறிப்பறிந்து அவன் கூறியதாகத் துறைக்குறிப்பு அமைந்துள்ளது. அங்கு அச்சம் தலைவியுடையது. தலைவனின் சொல்லே அதற்கு மருந்து. நாவலில் அதே உறவின்மை தடையாகிறது. அச்சம் தலைவனிடம் இடம்பெயர்கிறது. சொல் மட்டும் அதனைப் போக்கப் போதவில்லை.

தகுதியை ஈட்டும் முயற்சி

நாவல் உளநல மருத்துவரின் முன் அமர்ந்திருக்கும் கிரிஷிடமிருந்து தொடங்குகிறது. காதற்கதை எனக் கருதி நூலை எடுப்போர்க்கு இத்தொடக்கம் ஓர் எச்சரிக்கையாகும். தாயை வருத்தும் தந்தையோடு பேச்சையே நிறுத்திக்கொண்ட மகன் அவன். இல்லறம் என்பது நிலைக்கக்கூடியதுதானா என்னும் ஐயம் அனன்யாவைக் காணும் முன்பே அவனுள் வேரூன்றியிருந்தது எனக் கொள்ளலாம்.

இருவரும் உடன்போக்கை விரும்பவில்லை. பெற்றோர் மகிழ்வுடன் இசையவேண்டும் எனக் கருதுகின்றனர். அகமரபில் தலைவியின் காதலைச் சுற்றத்தார்க்கு உணர்த்தும் அறத்தொடு நிற்றல், தோழி, செவிலி, நற்றாய் எனப் படிப்படியாக நிகழும். நாவலில் அத்தகைய தோழி இல்லை. எனவே கிரிஷ் சென்னையில் வங்கிப் பணியேற்று, தானே தன் வழக்கை நடத்த நேர்கிறது. அனன்யாவின் தம்பிக்குப் பாடம் சொல்லித் தருகிறான். அலுவலகத்தில் அவள் தந்தை அளிக்கவேண்டிய கணினிவழி விளக்கவுரையைத் தயாரிக்க உதவுகிறான். இசையில் ஏற்புக் கிட்டாது வருந்தும் தாய் ராதாவுக்குப் புகழ்பெற்ற பாடகர்களுடன் மேடையேறும் வாய்ப்பைப் பெற்றுத் தருகிறான். தில்லியில் அனன்யாவுக்கும் இதே தேர்வு காத்திருக்கிறது. கிரிஷின் உறவுப்பெண் திருமணத்தில் மணமகன் வீட்டார் மகிழுந்து தொடர்பாகக் கூடுதல் கோரிக்கை வைத்து நிற்கையில், மணமகனை நேர்நின்று வினவி அத்திருமணத்தைக் காப்பவள் அவளே.

இந்நிகழ்ச்சிகள் நகைச்சுவையும் விறுவிறுப்பும் உடையன. ஆயின் இவற்றின் அடியில் ஓடும் கருத்து கவலைக்குரியது. பயன்பட்டால் ஏற்கப்படுவோம் என்னும் எண்ணம் அச்சத்தைத் தீர்ப்பதில்லை, அதனை ஒத்திப்போடுகிறது. ஒவ்வோர் உதவிக்குப் பின்னும் மற்றோர் உதவி தேவைப்படுகிறது. இருகுடும்பங்களும் கோவாவில் கூடும்போது கிரிஷின் தாயார் நடந்துகொள்ளும் முறையால் ஈட்டிய நன்மதிப்பு முழுவதும் சரிந்துவிடுதல் இதனை உறுதிப்படுத்துகிறது. அனன்யா விலகிச் செல்கிறாள். அவன் மனம் உடைகிறான்.

ஈட்டாது பெற்ற அன்பு

இச்சிக்கலை அவிழ்ப்பவர் தந்தை. மகனுக்குத் தெரியாமல் சென்னை சென்று அனன்யாவின் பெற்றோருடன் பேசி, முறிந்த மணத்தை அவர் மீட்டுத் தருகிறார். கிரிஷ் இதற்காக எதையும் செய்திருக்கவில்லை. தந்தையின் அன்பைப் பெறத் தனக்குத் தகுதியுண்டென எண்ணியதுமில்லை. நாவலின் பெரும்பகுதி ஈட்டலைப் பேச, அதன் திருப்புமுனையோ ஈட்டாத அன்பில் அமைகிறது. நூலின் சிறப்பு இம்முரணிலேயே உள்ளது. காதலியின் வீட்டில் தேடிய ஏற்பு, தன் வீட்டில் இழந்த ஏற்பின் நிழலே என்பதை வாசகர் இங்கு உணர்கின்றனர். தந்தையை மன்னித்தலும் காதலில் நிலைபெறுதலும் ஒரே செயலின் இருமுகங்களாகின்றன.

ஒற்றைக் கூற்று

எனினும் ஒரு குறை எஞ்சுகிறது. அகப்பாடல்களில் தலைவன், தலைவி, தோழி, செவிலி, நற்றாய் எனப் பலர்க்கும் கூற்று உண்டு. ஒரே காதல் பலர் நெஞ்சின்வழி ஒலிக்கும். இந்நாவல் முழுமையும் கிரிஷின் கூற்றாகும். அனன்யா துணிவும் நகைச்சுவையும் உடையவளாகப் படைக்கப்பட்டிருப்பினும், அவள் தனித்திருந்து அஞ்சும் ஒரு கணத்தையேனும் வாசகர் அவள் சொல்வழி அறிய இயலவில்லை. தலைப்பு இரு மாநிலங்களைக் கூறுகிறது. பேசுவதோ ஒரு மாநிலம்.

தமிழ் இல்லம் புறத்தாரின் கண்வழியே காணப்படுவதும் இதனால்தான். நிறம் பற்றிய கிரிஷின் தாயாரது ஏளனத்தை ஆசிரியர் நகைச்சுவையாகவே பெரும்பாலும் கையாள்கிறார். ‘தமிழர்’ எனப் பொதுப்பெயரால் சுட்டப்படுவது சென்னைப் பிராமணக் குடும்பம் ஒன்றே. மொழி வேறுபாட்டை உரக்கப் பேசும் நாவல், அதனினும் கடியதாகிய சாதி வேறுபாட்டின் தடையைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. தந்தை ஒருவரின் வருகையால் தீராத அச்சங்களும் இந்நாட்டுக் காதலர்க்கு உண்டு என்பதை மறத்தற்கில்லை.

முடிவுரை

‘டூ ஸ்டேட்ஸ்’ நாவலில் காதலர் ஒத்தவர், குடும்பங்களே எதிரெதிரானவை. அகமரபில் தலைவியிடம் காணப்படும் அச்சம் இங்குத் தலைவனுக்குரியதாகிறது. அவ்வச்சம் தகுதியை ஈட்டுவதால் தீராது, ஈட்டாத அன்பை ஏற்பதால் தீர்கிறது என்பதை நாவல் தன் கதைப்போக்கினாலேயே மெய்ப்பிக்கிறது. வெகுசன நாவல் என ஒதுக்கப்படும் நூலொன்றில் இவ்வுண்மை அமைந்திருத்தல் கருதத்தக்கது. அனன்யாவின் அச்சத்திற்கும் அத்தகைய விடை கிடைத்திருப்பின், இது இரு மாநிலங்களின் கதையாக முழுமை பெற்றிருக்கும்.