லூபெக் நகர ஆலயங்கள்: உடைந்த மணிகளும் போலி ஓவியங்களும்

பழம்பெரும் ஆலயங்களைக் காணச் செல்வோர் பெரும்பாலும் அவற்றின் வயதையும் உயரத்தையுமே அளந்து திரும்புகின்றனர். ஓர் ஆலயம் தன்னைப்பற்றி எவ்வளவு உண்மை பேசுகிறது என்பதே இறையியல் கற்போர் கேட்கவேண்டிய வினாவாகும். வட ஜெர்மனியின் பழைய வணிக நகரமாகிய லூபெக் இவ்வினாவை நம்முன் கூர்மையாக வைக்கிறது.

ஹன்சா வணிகக் கூட்டமைப்பின் தலைமை நகராய் விளங்கிய லூபெக்கின் அடையாளம், ஐந்து ஆலயங்களின் ஏழு கோபுரங்கள் ஆகும். அவற்றுள் நடுநாயகமானது புனித மரியாள் ஆலயம். முழுவதும் செங்கல்லாலான இதன் நடுக்கூடத்தின் வளைகூரை ஏறத்தாழ 38 மீட்டர் உயரமுடையது. ஆயரின் பேராலயத்தை விஞ்சவேண்டும் என்னும் வணிகரின் வேட்கை இதில் வெளிப்படை. 1531-இல் நகரம் சீர்திருத்தத்தை ஏற்றபின் இஃது லூத்தரன் ஆலயமாயிற்று. இசைமேதை பக்ஸ்டெஹூட 1668 முதல் 1707 வரை இங்கேதான் ஆர்கன் வாசித்தார்.

1942-ஆம் ஆண்டு குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய இரவில் ஆங்கிலேய விமானங்கள் நகரின்மீது குண்டு பொழிந்தன. மரியாள் ஆலயம், பேராலயம், பேதுரு ஆலயம் மூன்றும் தீக்கிரையாயின. மரியாள் ஆலயத் தென்கோபுரத்தின் மணிகள் கீழே விழுந்து நொறுங்கின. ஆலயத்தை மீண்டும் எழுப்பியோர் அம்மணிகளை விழுந்த இடத்திலேயே விட்டுவைத்தனர். அவை மட்டும் இருந்திருப்பின் அவ்விடம் தன்னிரக்கத்தின் சின்னமாகவே முடிந்திருக்கும். ஆனால் 1940-இல் ஜெர்மானியக் குண்டுவீச்சால் அழிந்த கவென்ட்ரி பேராலயத்தின் ஆணிச்சிலுவையும் அங்கு இடம்பெற்றுள்ளது. நம் இழப்போடு பிறருக்கு நாம் இழைத்ததும் நினைக்கப்படவேண்டும் என்று அது அறிவுறுத்துகிறது.

இதே ஆலயம் இதற்கு நேர்மாறான ஒன்றையும் கண்டது. தீயின் வெம்மையால் சுண்ணாம்புப் பூச்சு உதிர, இடைக்கால ஓவியங்கள் சில வெளிப்பட்டன. அவற்றைச் செப்பனிடும் பணி டீட்ரிக் ஃபே என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரிடம் பணியாற்றிய லோத்தர் மால்ஸ்காட், சுவரில் எஞ்சியிராத புனிதர்களைத் தாமே புதிதாகத் தீட்டினார். அறிஞர் அவற்றைப் புகழ்ந்தனர். 1951-இல் ஆலயத்தின் 700-ஆம் ஆண்டு விழாவுக்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர் அடினவரே வருகை தந்தார். அஞ்சல் தலையும் வெளியாயிற்று. மறு ஆண்டில் மால்ஸ்காட் தாமே உண்மையை வெளியிட்டபோது முதலில் அவரை நம்புவாரில்லை. 1955-இல் இருவரும் சிறைத்தண்டனை பெற்றனர். பலிபீடப் பகுதியிலிருந்த போலி ஓவியங்கள் அகற்றப்பட்டன.

அழகான ஓவியம் பக்தியை எழுப்புமாயின், அது போலியானாலென்ன என்று வினவுவோர் உண்டு. இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஏமாற்றியவர் இருவரே எனினும், ஏமாற ஆயத்தமாயிருந்தோர் பலர். போரின் வடுவைச் சுமந்த ஒரு தலைமுறை, இடையில் எதுவுமே நிகழவில்லை என்று சொல்லும் சுவர் ஒன்றை விரும்பியது. மனந்திரும்புதல் இன்றி மீட்சியைத் தேடும் உள்ளத்திற்கு அப்புனிதர்கள் ஏற்ற துணையாயினர்.

மறக்கப்பட்டது யாது என்பதை அறிய, பழைய நகருக்கு வெளியேயுள்ள லூத்தர் ஆலயத்திற்குச் செல்லவேண்டும். கலைச் சிறப்புத் தேடுவோர் அங்குச் செல்வது அரிது. அதன் போதகர் கார்ல் பிரீட்ரிக் ஸ்டெல்பிரிங்க். அவர் தொடக்கத்தில் நாட்சிக் கட்சியை ஆதரித்து அதில் சேர்ந்தவர். பின்னர் அதன் இயல்பை உணர்ந்து எதிர்த்தவர். நகரம் எரிந்த அந்தக் குருத்தோலை ஞாயிற்றன்று, இவ்வழிவில் இறைவனின் குரலைக் கேட்கவேண்டும் என்னும் கருத்துப்பட அவர் அருளுரையாற்றினார். சில நாட்களில் கைதானார். 1943 நவம்பர் 10-இல் பிராசெக், லாங்கெ, மில்லர் என்னும் கத்தோலிக்கக் குருமார் மூவருடன் ஹாம்பர்க் சிறையில் தலை துண்டிக்கப்பட்டு மாண்டார்.

கத்தோலிக்க ஆயர் தம் குருமாரைச் சிறையில் கண்டார், அவர்களுக்காக மன்றாடினார். ஸ்டெல்பிரிங்கின் திருச்சபைத் தலைமையோ அவரைக் கைவிட்டுப் பணியிலிருந்தும் நீக்கியது. அவர்மீதான தீர்ப்பு 1993-இல்தான் நீக்கப்பட்டது. 2011-இல் கத்தோலிக்கத் திருச்சபை மூவரையும் லூபெக்கில் அருளாளர்களாக உயர்த்தியபோது ஸ்டெல்பிரிங்கும் உடன் நினைவுகூரப்பட்டார். லூத்தர் ஆலயம் இன்று அந்நால்வரின் நினைவிடமாகவும் விளங்குகிறது.

ஆகவே, லூபெக்கின் ஆலயங்களை உயரத்தின் வரிசையில் காண்பது போதாது. பேராலயத்தில் பெர்ன்ட் நோட்கெ 1477-இல் நிறுவிய மாபெரும் சிலுவையை வியக்கலாம், வியக்கவேண்டும். ஆனால் அச்சிலுவை குறிக்கும் விலையைக் கொடுத்தவர் பணியாற்றிய ஆலயத்தைக் காணாது திரும்புவோர், நகரின் திருச்சபை வரலாற்றில் பாதியையே கண்டவராவர். சபை வரலாறு எழுதுவோருக்கும், ஆண்டுவிழா மலர் தொகுப்போருக்கும் இதில் பாடமுண்டு. உதிர்ந்த இடங்களில் புதிய புனிதர்களைத் தீட்டுவது எளிது. தாம் கைவிட்டவரின் பெயரைத் தம் ஏட்டில் எழுதுவதே அரிது. அப்பெயர் எழுதப்படாத வரலாற்றை, அது எத்துணை அழகுடையதாயினும், மால்ஸ்காட்டின் சுவரோடு வைத்தே எண்ணவேண்டும்.