எண்ணிடப்பட்ட ஏழையும் நமது பொறுப்பும்

வறியோர்க்கு உதவும் பணியில் ஒரு கேள்வி எக்காலத்தும் தொடர்ந்து வந்துள்ளது: உதவிபெறத் தகுதியுள்ளவர் யார், தகுதியற்றவர் யார்? இதற்கு விடை கூறும் பொறுப்பு நம் காலத்தில் கணிப்பொறியிடம் ஒப்படைக்கப்பட்டு வருகின்றது. இதனால் சமுதாயத்தில் விளையும் தீங்குகளை ஆராயும் நூல்களுள், அமெரிக்க அரசியல் அறிவியல் பேராசிரியர் வர்ஜீனியா யூபாங்க்ஸ் 2018-இல் வெளியிட்ட ‘ஆட்டோமேட்டிங் இன்இக்வாலிட்டி’ குறிப்பிடத்தக்கது. ஏற்றத்தாழ்வு எவ்வாறு தானே இயங்கும் பொறியாக மாற்றப்படுகின்றது என்பதே அத்தலைப்பின் கருத்து. இந்நூலின் வலிமையையும், இறைப்பணியாளராகிய நம்மிடம் அது எழுப்பும் கேள்வியையும் ஈண்டு ஆராய விழைகின்றோம்.

நூலாசிரியர் மூன்று இடங்களுக்குச் சென்று, உதவி நாடியோரையும் அலுவலரையும் நேரில் கண்டு எழுதியுள்ளார். முதலாவது, இந்தியானா மாநிலம். 2006-இல் அம்மாநில அரசு, உணவு உதவிக்கும் மருத்துவ உதவிக்கும் வரும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பணியை ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைமையிலான குழுமத்திற்கு ஒப்பந்தமாக அளித்தது. ஒவ்வொரு குடும்பத்தையும் அறிந்திருந்த அலுவலர்களுக்குப் பதிலாகத் தொலைபேசி நிலையங்கள் வந்தன. ஒரு தாள் தவறினாலும், தொலைபேசி அழைப்பு ஒன்று தப்பினாலும், விண்ணப்பதாரர் ‘ஒத்துழைக்கத் தவறியவர்’ எனக் குறிக்கப்பட்டார். தவறு அவருடையதா, நிலையத்தினுடையதா என்று வினவுவார் இல்லை. 2006 முதல் 2008 வரை பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன; முந்திய மூன்றாண்டுகளைவிட இது 54 விழுக்காடு மிகுதி. 2009-இல் ஒப்பந்தம் முறிந்தது. பின்னர் அரசும் நிறுவனமும் ஒன்றன்மேல் ஒன்று வழக்குத் தொடுத்தன. ஒப்பந்தத்தை மீறியவர் யார் என்பதே அங்கு வழக்காயிற்று. உணவும் மருந்தும் இழந்தோரின் துயரம் வழக்காகவில்லை.

இரண்டாவது, லாஸ் ஏஞ்சலஸ் நகர். அங்கு வீடற்றோரிடம் அவர்களுடைய வாழ்வின் அந்தரங்கங்களைக் கேட்டறிந்து, துன்பத்தின் அளவிற்கேற்ப மதிப்பெண் இட்டனர். வீடுகளோ போதிய அளவில் இல்லை. ஆகவே வரிசைப்படுத்தும் கருவி பெருகியும் பலர் தெருவிலேயே தங்கினர். தம் வாழ்வின் வெட்கத்தையெல்லாம் திறந்து கூறியும் அவர்களுக்குக் கிட்டியது ஓர் எண்ணே. பாவ அறிக்கையின் இரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்ட ஆயர்கள் இப்பகுதியை மனவேதனையின்றிப் படிக்க இயலாது.

மூன்றாவது, பிட்ஸ்பர்க் நகரை உள்ளடக்கிய அலெகெனி மாவட்டம். குழந்தைகள் புறக்கணிக்கப்படுவதாகப் புகார் வரும்போது, அக்குடும்பத்திற்கு 1 முதல் 20 வரை மதிப்பெண் இடும் முறை 2016-இல் அங்கு தொடங்கப்பட்டது. இத்திட்டத்தினர் நல்லெண்ணத்துடனும் ஒளிவுமறைவின்றியும் செயற்பட்டனர் என்பதை நூலாசிரியர் நடுநிலையோடு ஒப்புக்கொள்கின்றார். எனினும், அரசு உதவி பெற்றோரின் பதிவேடுகளே அக்கணிப்புக்கு மூலப்பொருள். தனியார் மருத்துவரைப் பணம் கொடுத்து நாடுவோரின் வாழ்வு அதில் இடம்பெறுவதில்லை. உதவி கேட்டதே ஏழைக்கு எதிரான சான்றாகிவிடுகின்றது.

‘மனித அலுவலரும் பாரபட்சம் காட்டுவரன்றோ? பொறி அதைக் குறைக்காதா?’ என்று சிலர் வினவுவர். நேர்மையான கேள்விதான். நூலாசிரியரின் விடை கவனிக்கத்தக்கது. அம்மாவட்டத்தில் கறுப்பினக் குடும்பங்கள்மீதும் கலப்பினக் குடும்பங்கள்மீதும் வரும் புகார்கள், வெள்ளையர் குடும்பங்கள்மீது வருவனவற்றைவிட மூன்றரை மடங்கு. ஆதலின் பாரபட்சம் பெரும்பாலும் அலுவலர் மேசையில் தோன்றவில்லை. அயலாரின் கண்ணிலேயே தோன்றிவிடுகின்றது. அக்கண் கண்டவற்றைக் கூட்டிக் கணக்கிடும் பொறி, அப்பார்வையைத் திருத்துவதற்கு மாறாக உறுதிப்படுத்துகின்றது.

நூலின் சிறந்த கருத்து இதன் வரலாற்றுப் பகுதியில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஏழையர் விடுதிகளுக்கும், பின்வந்த ‘அறிவியல்முறைத் தருமம்’ என்ற இயக்கத்திற்கும் இன்றைய கணிப்பொறியே வாரிசு என்கின்றார் ஆசிரியர். இங்கே நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். அவ்வியக்கத்தின் முதல் அமெரிக்கச் சங்கத்தை 1877-இல் பஃபலோ நகரில் நிறுவியவர் ஹம்ஃப்ரீஸ் கர்ட்டீன் என்னும் எப்பிஸ்கோப்பல் சபைக் குருவானவர். வறியோரை விசாரித்து, பதிவேட்டில் எழுதி, தகுதியுள்ளோரைத் தகுதியற்றோரிடமிருந்து பிரிப்பதே அச்சங்கங்களின் நடைமுறை. எனவே பொறியின்மேல் மட்டும் குற்றம் சுமத்திவிட்டு நாம் அமைதியடைதல் இயலாது. அது கற்ற பாடத்தைக் கற்பித்தோரில் திருச்சபையினரும் உண்டு.

நூலாசிரியர் தம் முடிவுரையை மார்ட்டின் லூதர் கிங் 1968 மார்ச் 31 அன்று வாஷிங்டன் பேராலயத்தில் ஆற்றிய அருளுரையை நினைவுகூர்ந்து தொடங்குகின்றார். ஆனால் அவர் காட்டும் பரிகாரங்களுள் ஒன்றான, கணிப்பொறி வல்லுநர்கள் தீங்கு செய்யாமைக்கு உறுதிமொழி எடுத்தல் என்பது போதாது என்பதே எமது கருத்து. இந்தியானாவில் தீங்கு செய்ய எண்ணியவர் எவருமிலர். பொறுப்பேற்க வேண்டியவரும் எவருமிலராயினர். உறுதிமொழி தனிமனிதரின் மனச்சாட்சியைத் தொடும். பலர் கைகளில் சிதறிக்கிடக்கும் பாவத்திற்கு, கணக்குக் கேட்கும் அதிகாரம் பாதிக்கப்பட்டோரிடம் இருத்தல் வேண்டும். மேலும், பழைய பதிவுகள் அழியாது நிலைத்துவிடும் ஆபத்தை ஆசிரியர் குடியுரிமைச் சிக்கலாகக் காண்கின்றார். நமக்கு அது மன்னிப்பின் சிக்கலுமாகும். மறக்கத் தெரியாத பதிவேட்டின்முன் மனந்திரும்பியவனுக்கும் புதுவாழ்வு இல்லை.

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தை நாம் அடிக்கடி பிரசங்கிக்கின்றோம். அந்நியாயத்தீர்ப்பில் விசாரிக்கப்படுபவர் யார்? பசித்தவர் விசாரிக்கப்படுவதில்லை. அவர் தகுதியுள்ளவரா, ஒத்துழைத்தவரா என்று அரசர் கேட்கவில்லை. உணவைக் கையில் வைத்திருந்தவரே கணக்கு ஒப்புவிக்கின்றார். இவ்வொழுங்கைத் தலைகீழாக்கிப் பசித்தவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதே இம்முறைகளின் அடிப்படைத் தவறு. அது கணிப்பொறியால் நிகழ்ந்தாலும், நம் சபையின் ஏழையர் நிதிக் குழுவால் நிகழ்ந்தாலும் தவறு ஒன்றே.

இறையியல் மாணவர் இந்நூலைக் கட்டாயம் கற்க வேண்டும். கற்றபின், தம் சபையில் உதவி மறுக்கப்பட்ட ஒருவரின் இல்லம் சென்று, காரணம் அவருக்குக் கூறப்பட்டதா என்று கேட்டறிவார்களாக. இந்நூலுக்கு நாம் எழுதத்தக்க மதிப்புரை அங்கேதான் தொடங்கும்.