ஊர் ஒப்பியதெல்லாம் அறமாகுமா?

ஒரு செயல் சரி என்று ஒரு சமூகம் முழுவதும் நம்பினால், அந்த நம்பிக்கையே அதைச் சரியாக்கிவிடுமா? இந்தியச் சிந்தனை இந்தக் கேள்வியை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வந்திருக்கிறது. மரபு என்பது பழக்கத்துக்குத் தலையாட்டுவது என்று நினைப்போர் உண்டு. பழக்கத்தை எதிர்க்க வேண்டுமானால் மரபுக்கு வெளியே போயாக வேண்டும் என்று நினைப்போரும் உண்டு. இரு சாராருமே ஒன்றைக் காணத் தவறுகிறார்கள். பழக்கத்தைப் போற்றிய பள்ளிகளே அதை உரசிப் பார்க்கும் கல்லையும் கையில் வைத்திருந்தன. அறத்தைக் கற்றுக்கொள்ளும் இடம் சமூக நம்பிக்கை. ஆனால் அறத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. இந்த வேறுபாடே நம் மரபின் சிறந்த பேறு.

தரும சூத்திரங்களிலேயே இந்த விவாதம் தொடங்கிவிடுகிறது. வேதம், ஸ்மிருதி, சான்றோர் ஒழுக்கம் என்று அறத்துக்கு ஆதாரங்களை வகுத்த அந்நூல்கள், ஊருக்கு ஊர் ஒழுக்கம் மாறுபடுவதைக் கண்டு திகைக்கவில்லை. பௌதாயனர் தெற்கத்தியாருக்கு உரிய ஐந்து வழக்கங்களையும் வடக்கத்தியாருக்கு உரிய ஐந்தையும் அடுக்குகிறார். மாமன் மகளையோ அத்தை மகளையோ மணப்பதும், மனைவியோடு அமர்ந்து உண்பதும், பழைய சோறு உண்பதும் தெற்கின் வழக்கங்கள். கம்பளி விற்பது, மது அருந்துவது, ஆயுதம் ஏந்திப் பிழைப்பது, கடல் பயணம் போவது ஆகியவை வடக்கின் வழக்கங்கள். ஒரு பகுதியின் வழக்கத்தை மற்றப் பகுதியில் செய்தால்தான் குற்றம் என்கிறார் அவர். வட்டாரத்தின் ஒப்புதலே அளவுகோல் என்பது இதன் பொருள். ஆனால் மற்றொரு தரும சூத்திர ஆசிரியரான கௌதமர் இதைத் தவறென்று மறுத்ததையும் பௌதாயனரே பதிவு செய்கிறார். வழக்கம் வேதத்துக்கு முரணாக இருந்தால் அதற்கு வலிமை இல்லை என்பது கௌதமர் கட்சி. தமிழ்நாட்டில் இன்றும் வழங்கும் முறைப்பெண் உறவு, இப்படித்தான் அன்றே ஒரு மெய்யியல் வழக்கின் பொருளாக இருந்தது. பிற்காலத்தில் மீமாம்சை அறிஞர் குமாரில பட்டரும் அதே வழக்கத்தைத் தெற்கத்தியாரின் பிழைகளில் ஒன்றாகவே எண்ணினார்.

இதைவிட ஆழமான அளவுகோலை, வேத விதிகளின் பொருளை ஆராய்ந்த மீமாம்சகர் தந்தனர். சோம வேள்வியில் நடப்படும் அத்திமரத் தூணைத் துணியால் முழுவதும் சுற்ற வேண்டும் என்று ஒரு ஸ்மிருதி விதி இருந்தது. தூணைத் தொட்டுக்கொண்டு பாட வேண்டும் என்ற வேத விதிக்கு அது முரணானது. அப்படியானால் அந்த விதி எப்படிப் பிறந்தது? அந்தத் துணியை அடையும் ஆசையால் சிலர் தூண் முழுவதையும் சுற்றியிருப்பார்கள், அதுவே பின்னர் விதியாக நிலைத்திருக்கும் என்று மீமாம்சை சூத்திரங்களை இயற்றிய ஜைமினிக்கு உரை வகுத்த சபரர் எழுதுகிறார். ஒரு விதிக்குப் பின்னால் உலகியல் ஆதாயம் கண்ணுக்குத் தெரிந்தால் அதை அறமாக ஏற்க வேண்டியதில்லை என்பது ஜைமினியின் சூத்திரம். வேதத்தை உச்சியில் வைத்த ஒரு பள்ளி, வேள்வி செய்யும் புரோகிதரின் பேராசையையே சுட்டிக்காட்டி ஒரு சடங்கைத் தள்ளுகிறது. ‘இந்த நம்பிக்கையால் யாருக்கு லாபம்?’ என்ற கேள்வி அங்கே முறையான ஆராய்ச்சி நெறியாகிவிட்டது.

தமிழ் அறநூல்களில் இதே கேள்வி மறுபுறமிருந்து எழுகிறது: இதனால் யாருக்குத் துன்பம்? உலகத்தோடு இசைந்து வாழத் தெரியாதவர் எவ்வளவு கற்றாலும் அறிவிலார் என்று வள்ளுவர் ஒழுக்கமுடைமையை முடிக்கிறார். அங்கே உலகம் என்பதற்கு உயர்ந்தோர் என்று உரையாசிரியர் பரிமேலழகர் பொருள் கொண்டார். அதே வள்ளுவர்தான், ஆயிரம் வேள்வி செய்வதைவிட ஓர் உயிரைக் கொன்று தின்னாமை நன்று என்கிறார். ஊரார் போற்றிய வேள்விக்கு எதிரே ஓர் உயிரின் வலியை அவர் வைக்கிறார். சாத்தனாரின் மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் இதை வாழ்ந்தே காட்டுகிறான். வேள்விச் சாலையில் கொம்பில் மாலை சூட்டிக் கட்டிய பசுவை அவன் இரவில் மீட்டுச் செல்கிறான். பிடிபட்டு அடிபட்டபோதும், பால் தந்து காத்த இந்த உயிர் உங்களுக்குச் செய்த கேடு என்ன என்று கேட்கிறான். ஊர் அவனைத் துரத்துகிறது. அவன் பிச்சைப் பாத்திரத்தில் கல்லைப் போடுகிறது. காப்பியமோ அவன் கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கொடுக்கிறது. ஊர் ஒரு பக்கமும் அறம் மறு பக்கமும் நிற்கக்கூடும் என்பதைச் சாத்தனார் ஐயமின்றி உரைத்துவிட்டார்.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. அறவுணர்வே சமூகம் ஊட்டியதுதானே, சமூகத்தை எதிர்ப்பவனுக்கு அளவுகோல் வேறெங்கிருந்து வரும் என்று கேட்கலாம். பிரெஞ்சு அறிஞர் எமீல் துர்கேம் 1893-இல் வெளியிட்ட உழைப்புப் பிரிவினை பற்றிய நூலில், பொது மனச்சான்றைப் புண்படுத்துவதே குற்றம் என்று வாதிட்டார். குற்றம் எப்படி உருவாகிறது என்பதற்கு அது நல்ல விளக்கம். எது நியாயம் என்பதற்கு அது விடையாகாது. அளவுகோலைச் சமூகமே தந்தது என்று ஒப்புக்கொண்டாலும், அந்த அளவுகோலை அதே சமூகத்தின் மீது திருப்பத் தடையில்லை. ஆபுத்திரன் செய்தது அதுதான். பசுவின்மேல் பரிவு கொள்ள அவனைப் பழக்கியதும் அவ்வூர் வாழ்க்கைதானே. உயர்ந்தோர் யார் என்பதை யார் முடிவு செய்வது என்ற அடுத்த ஐயத்துக்கும் மேலே கண்ட இரண்டு கேள்விகளே விடை. தம் ஆதாயத்தை விட்டும், துன்புறுவோர் சொல்வதைக் கேட்டும் பேசுவோரே அந்தப் பெயருக்கு உரியவர். குலமும் பதவியும் அதைத் தந்துவிடாது.

மக்கள் நம்பிக்கை துணை நிற்காவிட்டால் சட்டம் வெறும் ஏடாகிவிடுமே என்பது இன்னொரு மறுப்பு. இது உண்மை, அம்பேத்கரும் இதை உணர்ந்திருந்தார். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசுகையில், அரசியலமைப்பு அறம் இயல்பாக வரும் உணர்வன்று, அதை முயன்று வளர்க்க வேண்டும் என்று அவர் எச்சரித்தார். தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை, மனமொத்த வயதுவந்தோர் அளவில் உச்ச நீதிமன்றம் 2018-இல் செல்லாததாக்கியபோது, சமூக அறத்தைவிட அரசியலமைப்பு அறமே மேலானது என்றது. ஆனால் ஒரு தீர்ப்பால் வீடுகளின் மனம் மாறிவிடுவதில்லை. அதனால்தான் சமூக நம்பிக்கையை ஒதுக்கிவிடாமல் திருத்தவும் வேண்டியிருக்கிறது. திருத்தும் கருவிகள் நம் நூல்களிலேயே உள்ளன. ஒரு வழக்கத்தைக் காக்க முன்வரும் எவரும், அதனால் பயனடைவது யார், அடிபடுவது யார் என்ற இரண்டுக்கும் வெளிப்படையாகப் பதில் சொல்லட்டும். அந்தப் பதிலுக்குப் பின்னும் நிற்கும் வழக்கத்தையே அறம் என்று அடுத்த தலைமுறைக்குக் கற்றுத்தர நமக்கு உரிமை உண்டு.