பெற்றோர் பெறாதோர்க்குக் காட்டும் வழி: இரட்சணிய யாத்திரிகத்தில் இறையிரக்கமும் நற்செய்திப் பகிர்வும்

ஆய்வுச் சுருக்கம்

எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் பெரும்பாலும் கம்பராமாயணத் தாக்கம், மூலநூல் ஒப்பீடு என்னும் இரு நோக்குகளிலேயே ஆராயப்பட்டு வந்துள்ளது. அந்நூலில் இறைவனின் இரக்கம் எவ்வாறு காட்சிப்படுத்தப்படுகிறது, அவ்விரக்கத்தைப் பிறருக்கு அறிவிக்கும் செயல் எத்தகைய கவிதைக் குரலைப் பெறுகிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆற்றுப்படை என்னும் தமிழ் மரபின் துணைகொண்டு நூலை வாசிக்கையில் அதன் வலிமையோடு, கதைசொல்லியின் குரலில் உள்ள ஒரு முரணும் வெளிப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இரட்சணிய யாத்திரிகம், கிருஷ்ண பிள்ளை, இறையிரக்கம், ஆற்றுப்படை, தேவாரம், பெத்லகேம் குறவஞ்சி

முன்னுரை

ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உருவக நூலைத் தழுவி எழுந்த இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாயிற்று. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களாக, 3766 பாடல்களில் அமைந்த இக்காப்பியத்தின் ஆசிரியருக்குக் 'கிறித்தவக் கம்பர்' என்னும் பட்டம் நிலைத்துவிட்டது. அப்பட்டம் பெருமையானதே. எனினும் அது ஆய்வாளரை ஒரே தடத்தில் நடக்கச் செய்துவிட்டது என்பதையும் மறுக்க இயலாது. கம்பனின் எந்தச் சந்தம் எந்தப் படலத்தில் ஒலிக்கிறது என்று எண்ணுவதில் செலவிடப்பட்ட உழைப்பில் ஒரு பங்குகூட, இந்நூல் யாரை நோக்கிப் பேசுகிறது என்னும் வினாவிற்குச் செலவிடப்படவில்லை. மீட்பின் செய்தியைச் சொல்ல எழுந்த நூல் ஒன்றில் அவ்வினா புறத்தே நிற்பதன்று. செய்தியைச் சொல்பவர் யார், எந்த உரிமையில் சொல்கிறார், கேட்பவரை எங்கே நிறுத்துகிறார் என்பவையே அத்தகைய நூலின் கவிதையியலாகும்.

பெற்றவர் என்னும் உரிமை

ஆற்றுப்படை இலக்கணத்தைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வகுத்துள்ளது. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தரோ பாணரோ பொருநரோ விறலியோ, வழியில் எதிர்ப்படும் தம்மையொத்த வறியவர்க்குத் தாம் பெற்ற வளத்தைக் கூறி அவ்வள்ளலிடம் செல்ல வழிகாட்டுதலே அதன் அடிப்படை. இங்கு வழிகாட்டுபவர் ஆசிரியரல்லர், அதிகாரியுமல்லர். நேற்றுவரை பசித்திருந்தவர் என்பதே அவருடைய தகுதி. கேட்பவர்க்கும் அவருக்கும் இடையே உள்ள வேறுபாடு குணத்தால் வந்ததன்று. ஒருவர் பெற்றுவிட்டார், மற்றவர் இன்னும் பெறவில்லை, அவ்வளவே. திருமுருகாற்றுப்படை இவ்வமைப்பைப் பொருட்பரிசிலிலிருந்து வீடுபேற்றிற்கு உயர்த்தியது. மலைபடுகடாமோ வழியின் இடர்களை, வழுக்கும் பாறைகளையும் பாம்புறையும் இடங்களையும் ஒவ்வொன்றாக எச்சரித்துச் சொல்லும் பண்பினை மிகுதியாக வளர்த்தது.

பன்யனின் கதை இவ்வமைப்போடு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. முதுகில் சுமையோடு கலங்கி நிற்கும் பயணிக்கு நற்செய்தியாளர் தொலைவிலுள்ள வாயிலைச் சுட்டிக் காட்டுகிறார். பயணிக்கு வாயில் தெரியவில்லை. தொலைவில் ஓர் ஒளி மட்டுமே தெரிகிறது. அவ்வொளியைப் பற்றிக்கொண்டு செல்லுமாறு ஆற்றுப்படுத்திவிட்டு அவர் விலகிக்கொள்கிறார். வழியின் இடர்களைப் பிறகும் தோன்றி எச்சரிக்கிறார்.

கிருஷ்ண பிள்ளை ஆற்றுப்படை நூல்களைக் கருத்திற்கொண்டே பாடினார் என்று இதனால் முடிவு கட்டுதல் பொருந்தாது. பத்துப்பாட்டு உ. வே. சாமிநாதையரின் பதிப்பாக 1889இல்தான் வெளிவந்தது. அப்போது யாத்திரிகம் பாளையங்கோட்டையின் 'நற்போதகம்' இதழில் தொடராக வந்து பத்தாண்டுகளைக் கடந்திருந்தது. அத்தொடர் 1878இல் தொடங்கி 1891 வரை நீண்டது. பதினோராந் திருமுறையில் இடம்பெற்றுப் பாராயண நூலாகவும் விளங்கிய திருமுருகாற்றுப்படையை மட்டும் தமிழ்ப் புலமை மரபில் வந்த ஒருவர் அறிந்திருக்க வாய்ப்பு மிகுதி. ஆகவே இங்கு ஆற்றுப்படை என்பது தாக்கத்தின் பெயராகக் கொள்ளப்படவில்லை, வாசிப்பதற்கான அளவுகோலாகவே கொள்ளப்படுகிறது.

அவ்வளவுகோல் கவிஞரின் வாழ்க்கைக்கும் பொருந்திவருகிறது. 1827இல் நெல்லைப் பகுதியிலுள்ள கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1853 முதல் சாயர்புரத்தில் மறைப்பணியாளர் நடத்திய கல்விநிலையத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றினார். அங்கே நாள்தோறும் மறையுரைகளைக் கேட்கும் வாய்ப்பிருந்தும் அவை அவரை உடனே அசைத்துவிடவில்லை. தம்பி முத்தையா பிள்ளையும் நண்பர் தனக்கோடி ராஜுவும் அவருக்கு முன் திருமுழுக்குப் பெற்றனர். கிருஷ்ண பிள்ளை 1858இல் சென்னையில் பெற்றார். தம்மையொத்த இருவர் முன்சென்று திரும்பி வழிகாட்டியபோதுதான் அவர் வாயிலை நோக்கி நடந்தார் என்பது நூலைப் புரிந்துகொள்வதற்கு இன்றியமையாத செய்தி.

அன்பெனும் கட்டு

பன்யனின் நூலில் சிலுவை மிகச் சிறிய இடமே பெறுகிறது. மேடான ஓரிடத்தில் சிலுவையொன்று நிற்கிறது. பயணி அதனை அணுகியதும் சுமை தானே அவிழ்ந்து உருண்டு கீழேயுள்ள கல்லறைக்குள் விழுந்து மறைகிறது. சிலுவையில் தொங்கியவரின் வரலாறு அங்கு கூறப்படுவதில்லை. ஆங்கில வாசகர் அதனை முன்பே அறிந்தவர். தமிழ்க் கவிஞருக்கு அத்தகைய வசதி இல்லை. எனவே குமார பருவத்தில் இரட்சணிய சரித படலத்தை அமைத்து, இயேசுவின் பாடுகளை விரித்துப் பாடுகிறார். தழுவல் நூலிலிருந்து மிகத் தொலைவு விலகும் இப்பகுதியே காப்பியத்தின் உச்சம் என்பதில் ஐயமில்லை.

இறையிரக்கம் இங்கு கோட்பாடாக விளக்கப்படவில்லை. ஒரு காட்சிக்குள் வைக்கப்பட்டுள்ளது. பகைவர் இயேசுவைக் கயிற்றால் பிணிக்கின்றனர். அவர் அக்கட்டுக்கு உடன்பட்டு நிற்கிறார். கயிற்றின் வலிமையால் அவர் நிற்கவில்லை என்றும், அன்பு என்னும் வேறொரு கட்டிலிருந்து விடுபட இயலாமையாலேயே நிற்கிறார் என்றும் கவிஞர் பொருள் விரிக்கிறார். தம்மை இகழ்வோர்க்கு நேரவிருக்கும் கேட்டை எண்ணி அவர் இரங்கும் நிலையும் அதனோடு சேர்கிறது. 'பாசம்' என்னும் தமிழ்ச்சொல்லுக்குக் கயிறு, அன்பு என இரு பொருளும் உண்டு. சைவ சித்தாந்தத்தில் அதுவே உயிரைப் பிணிக்கும் தளையின் பெயருமாகும். உயிரின் தளையைக் குறிக்கும் சொல்வழக்கு வாழும் மொழியில், இறைவனே அன்பால் தளைப்பட்டு நிற்கும் காட்சி தரும் அதிர்வு, மொழிபெயர்ப்பில் கிடைத்திருக்கக் கூடியதன்று.

இதனைத் தொடரும் வியப்பும் கருதத்தக்கது. இத்தனை கொடுமை நிகழ்ந்தும் நிலம் பிளக்கவில்லையே, கடல் வற்றவில்லையே, இடி விழவில்லையே என்று கவிக்கூற்று திகைக்கிறது. காப்பியத் தலைவனுக்குத் தீங்கு நேர்கையில் இயற்கை நிலைகுலைவது தமிழ்க் காப்பிய மரபு. இங்கே இயற்கை அசையாமல் நிற்கிறது. இரக்கம் என்பது தண்டனை நிகழாமையின் பேரமைதியாக உணர்த்தப்படுகிறது. காப்பிய மரபை நன்கு கற்ற வாசகருக்கே இவ்வமைதி முழுதும் கேட்கும்.

வைணவத்திலிருந்து வந்த செவி

கிருஷ்ண பிள்ளையின் மனமாற்றத்தில் வைணவ, கிறித்தவ இறையியல் இணைகள் செயற்பட்ட முறையை டென்னிஸ் ஹட்சன் விரிவாக ஆராய்ந்துள்ளார். இரக்கத்தைப் பொறுத்தவரை அவ்விணைகள் வெளிப்படையானவை. உயிரின் தகுதியை எதிர்பாராத நிர்ஹேதுக கிருபை என்னும் கருத்தைத் தென்கலை ஆசிரியர்கள் தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்வதை உவமையாகக் காட்டி விளக்கினர். திருமகள் உயிருக்காகப் பரிந்துரைக்கும் புருஷகாரம் என்னும் கோட்பாடும் அம்மரபில் உண்டு. இச்சொற்களைக் கேட்டு வளர்ந்த செவிக்குத் தகுதியற்றோர்க்கு அருளப்படும் மீட்பு என்னும் செய்தி முற்றிலும் அயலானதாக இருந்திருக்க முடியாது. ஆனால் இணையைச் சமமாகக் கொள்வது பிழை. புருஷகாரத்தில் இடைநிற்பவர் தண்டனையைத் தணிக்குமாறு பரிந்துரைக்கிறார். யாத்திரிகத்தில் இடைநிற்பவர் தண்டனையைத் தாமே ஏற்கிறார். கட்டுண்டு நிற்கும் காட்சியைக் கவிஞர் அத்துணை நீளம் பாடியதற்கு இவ்வேறுபாடே காரணம் எனலாம்.

பகிர்தல் குறித்தும் வைணவம் ஒரு கதையை வைத்திருக்கிறது. மறைபொருளைப் பிறர்க்கு உரைத்தால் நரகம் என எச்சரிக்கப்பட்டும், திருக்கோட்டியூரில் யாவரும் கேட்க இராமானுசர் அதனை உரைத்தார் என்பது குருபரம்பரை வழங்கும் செய்தி. கேட்டோர் உய்வாராயின் தாம் ஒருவர் நரகம் புகுவது தகும் என்பது அவர் தந்த விடை. கிருஷ்ண பிள்ளை இக்கதையை எங்கும் சுட்டினார் என்று கூறுவதற்கில்லை. ஆயினும், பெற்றதை மறைத்துவைப்பது பெற்ற பொருளுக்கே இழுக்கு என்னும் உணர்வு அவர் விட்டுவந்த வீட்டிலும் இருந்தது என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று. மறைப்பணி என்பதை ஐரோப்பியர் கொண்டுவந்த பழக்கமாக மட்டுமே காணும் ஆய்வுகள் இவ்விடத்தில் இடறுகின்றன.

கதைசொல்லியின் முரண்

இரட்சணிய சரித படலத்தில் துன்புறுத்துவோரைக் குறிக்கக் கவிக்கூற்று கையாளும் அடைமொழிகள் கடுமையானவை, இழித்துரைப்பவை. இயேசு எவருக்காக இரங்குகிறாரோ அவரையே கதைசொல்லி வெறுக்கிறார். ஒரே பாடலுக்குள் இவ்விரண்டும் அருகருகே நிற்கின்றன. காப்பியத்தில் பகைவரைப் பழித்தல் மரபே என்று இதனை எளிதாகக் கடந்துவிடலாம். இராவணனைப் பழிக்கும் கவிக்கூற்றில் அத்தகைய சிக்கல் எழுவதில்லை. அங்கே தலைவனும் பகைவனை வெல்லவே செல்கிறான். இங்கோ தலைவன் வெல்லும் முறையே மன்னிப்பு. கவிஞர் கைக்கொண்ட காப்பிய மொழி அவர் பாடவந்த இரக்கத்தை முழுதும் தாங்கவில்லை என்றே கூறவேண்டும். தம் பழைய நெறியினரை வேறோரிடத்தில் எதிர்கொள்ளும்போதும் இவ்வகை வேகம் கவிஞரிடம் எழுவதுண்டு. ஆற்றுப்படுத்துவோரின் குரல் அங்கே வழக்காடுவோரின் குரலாக மாறிவிடுகிறது. தாமும் நேற்றுவரை வெறுங்கையரே என்பதைக் கதைசொல்லி மறக்கும் தருணங்கள் அவை.

வாசகர் குறித்த சிக்கலும் இதனோடு பிணைந்தது. 'நற்போதகம்' கிறித்தவ இதழ். அதன் வாசகர் ஏற்கெனவே திருச்சபைக்குள் இருந்தோர். பெறாதவரை நோக்கிப் பாடப்பட்ட பாடல் பதின்மூன்று ஆண்டுகள் பெற்றவரிடமே சென்று சேர்ந்தது. மேலும் இதன் விருத்தங்களை உரையின்றி உணரக்கூடியோர் அன்றும் சிலரே.

வேதநாயக சாஸ்திரியாரை (1774–1864) இங்கு ஒப்புநோக்கலாம். தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்ற அவர், 1800இல் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். நற்செய்திப் பணியாளர்களை அவர் சிங்கனாகவும் நூவனாகவும் ஆக்கினார். கண்ணி வைத்துப் பறவை பிடிக்கும் குறவஞ்சி மரபுக் காட்சி ஆன்மாக்களை ஈர்க்கும் உருவகமாயிற்று. மீட்பின் செய்தி அங்கே ஆடலிலும் பாடலிலும் வந்தது. புலமை இல்லாதவரும் கேட்டு மகிழ இயன்றது. ஆனால் கண்ணியில் விழும் பறவைக்குக் குரலில்லை. பிடிப்போரின் திறம் பாடப்படுகிறதே தவிர, பிடிபட்டதன் உள்ளம் பாடப்படவில்லை. இவ்வகையில் எளிய வடிவம் எப்போதும் கேட்போர்க்கு நெருக்கமானது என்னும் பொதுக்கருத்து ஆய்வுக்குரியதாகிறது.

தேவாரங்களின் இடம்

யாத்திரிகம் அவ்வுள்ளத்தைப் பாடுகிறது. காப்பிய ஓட்டத்திற்கு இடையிடையே 'தேவாரம்' என்னும் பெயரில் 144 இசைப்பாடல்கள் அமைந்துள்ளன. சைவத் திருமுறையின் பெயரை வைணவப் பிறப்பினரான கிறித்தவக் கவிஞர் தம் பாடல்களுக்கு இடுகிறார். 1884இல் அவர் வெளியிட்ட போற்றித் திருவகவலும் திருவாசகத்தில் உள்ள ஒரு பகுதியின் பெயரையே தாங்கியது. இதனைச் சமயப் பொதுமை என்று உடனே போற்றிவிடுதல் மிகை. கவிஞர் கருத்தில் மீட்பின் வழி ஒன்றே. அவர் எடுத்துக்கொண்டது கோட்பாட்டையன்று. அடியார் இறைவன்முன் நிற்கும் முறையை.

தேவாரப் பகுதிகளில் கதைசொல்லி மறைந்துவிடுகிறார். பகைவரைப் பழிக்கும் குரலும் அடங்குகிறது. 'நான்' என்று தொடங்கும் ஒருவர் தம் சிறுமையைச் சொல்லி இரக்கம் வேண்டுகிறார். அந்த 'நான்' கதையின் பயணியா, பாளையங்கோட்டைக் கவிஞரா, பாடலை இசைப்பவரா என்று பிரித்தறிய இயலாதபடி பாடல்கள் அமைந்துள்ளன. நாவுக்கரசர் சமணத்திலிருந்து மீண்ட தம் வாழ்வைப் பாடிய பாடல்களைப் பிறர் தம் வழிபாட்டில் பாடும்போது நிகழ்வதும் இதுவே. காப்பியப் பகுதி செய்தியை எதிரிலிருப்பவரிடம் கூறுகிறது. தேவாரமோ அச்செய்தியை அவர் வாயில் வைத்துவிடுகிறது; பாடத் தொடங்கியவர் வழிகேட்டு நிற்பவராகவே தம்மைக் காண்கிறார். கதைசொல்லி தவறவிட்ட சமநிலை இவ்விசைப்பாடல்களில் மீள்கிறது. பள்ளி, கல்லூரிப் பாடத்திட்டங்கள் சிலுவைப்பாட்டின் விருத்தங்களையே மீண்டும் மீண்டும் எடுத்தாளுகின்றன. தேவாரங்கள் அவற்றினிடையே அருகியே இடம்பெறுகின்றன. அவற்றின் பண்ணமைதி, யாப்பு, கிறித்தவ வழிபாட்டில் அவை பாடப்பட்ட முறை ஆகியவை தனி ஆய்வுக்கு உரியன.